கோடைப் பள்ளிக்குப் போகலாமா என்று கேட்ட சகோதரிக்கு

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம் எழுதியிருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: பிஎச்டி இரண்டாம் ஆண்டில் இருக்கும் நீங்கள் வெளிநாட்டுக் கோடைப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா? கைடு, "முதலில் ஒரு பேப்பர் வரட்டும், அப்புறம் ஊர் சுற்றலாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டில், அவ்வளவு தூரம் தனியாகவா என்று இழுக்கிறார்கள். லேப் சீனியர்களோ, "போய்ட்டு வா, பயோடேட்டாவில் ஒரு வரி ஏறும்" என்கிறார்கள். மூன்று தரப்பும் சொல்வதில் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. பெயர் போடாமல் பொதுவில் பதில் எழுதச் சொல்லியிருந்தீர்கள். இதே குழப்பத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அப்படியே செய்கிறேன்.

போங்கள். ஆனால் கோடைப் பள்ளி என்று பெயர் வைத்த எல்லாவற்றுக்கும் போக வேண்டாம்.

நம் ஊரில் அந்தப் பெயரில் நடப்பவை பலவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள். முதல் நாள் குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அடுத்த நான்கு நாளில் இருபது உரைகள். பேச வருகிறவர் எண்பது ஸ்லைடு கொண்டுவருவார். முப்பதாவது ஸ்லைடில் "நேரமில்லை, இதைத் தாண்டிப் போகிறேன்" என்பார். முடித்ததும் மாலை விமானத்துக்குக் கார் தயாராக நிற்கும். கடைசி நாள் குரூப் போட்டோ, கையில் சர்ட்டிஃபிகேட். அங்கே கேட்ட உரைகளைவிட நல்ல உரைகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கைடு மனதில் இருப்பது இந்த ரகம் என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டிலும் இந்த ரகம் உண்டு. அங்கே குத்துவிளக்கு இருக்காது, கட்டணம் யூரோவில் இருக்கும்.

நான் போகச் சொல்வது வேறு ரகத்துக்கு. மார்பகப் புற்றுநோய், எம்சிஎஃப்-7 செல்கள் என்று உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதனால் 1982-லிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் தீபகற்பத்தின் ஓரத்தில் வுட்ஸ் ஹோல் என்று ஒரு சிற்றூர். 1888-ல் அங்கே கடல் உயிரியல் ஆய்வகம் தொடங்கினார்கள். 1892-ல் உடலியங்கியலுக்கும், அடுத்த ஆண்டு கருவியலுக்கும் கோடை வகுப்புகள் ஆரம்பமாயின. இரண்டும் இன்றுவரை நடக்கின்றன. ஆறேழு வாரம். காலையில் உரை, பிற்பகலிலிருந்து நள்ளிரவு வரை லேப். உடலியங்கியல் வகுப்பில் கற்பிக்க இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து கோடைதோறும் வந்துகொண்டிருந்தவர் டிம் ஹன்ட். செல்லுக்குள் புரதம் எப்படித் தயாராகிறது என்பதுதான் அவருடைய துறை. செல் பிரிவதைப் பற்றி ஆராய அவர் வரவில்லை.

அங்கே பலரும் கையாளும் உயிரி கடல் முள்ளெலி. அதன் உடலுக்குள் கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊசியில் ஏற்றினால், பெண்ணாக இருந்தால் செந்நிற முட்டைகள் லட்சக்கணக்கில் வழியும். ஆணாக இருந்தால் வெள்ளையாக விந்து வரும். இரண்டையும் கடல்நீரில் கலந்தால் ஓரிரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் ஒரு சவ்வு எழும்பி நிற்கும். மைக்ராஸ்கோப்பில் அதை முதல் தடவை பார்க்கிறவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள். பிறகு ஒரு மணி நேரம் போல ஆனதும் அத்தனை முட்டைகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டாகப் பிளக்கும். இதன் அருமை உங்களுக்குத் தெரியும். உங்கள் ஃபிளாஸ்கில் இருக்கும் செல்கள் ஆளுக்கொரு கட்டத்தில் இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒரே கட்டத்துக்குக் கொண்டுவர சீரத்தை நிறுத்திப் பட்டினி போடுவதும், மருந்து போட்டு நிறுத்திவைப்பதுமாக எத்தனை பாடுபடுகிறீர்கள்! முள்ளெலி முட்டை அதை இனாமாகத் தருகிறது.

1982 ஜூலையில் ஹன்ட் செய்த பரிசோதனை மிக எளிமையானது. கதிரியக்கக் கந்தகம் சேர்ந்த மெத்தியோனினைக் கருவுற்ற முட்டைகளோடு சேர்த்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் ஜெல்லில் ஓட்டி எக்ஸ்ரே ஃபிலிமில் பதிவெடுத்தார். புதிதாகத் தயாராகும் புரதங்களின் பட்டைகள் நேரம் ஆக ஆகக் கறுத்துக்கொண்டே போக வேண்டும், போயின. ஒன்றைத் தவிர. அந்த ஒரு பட்டை கறுத்து வந்து, செல் பிரிகிற நேரத்துக்குச் சற்று முன்னால் காணாமல் போனது. பிறகு மறுபடி தலைகாட்டியது.

சாதாரணமாக ஒருவர் இதைப் பார்த்தால் ஜெல் சரியில்லை என்பார். அன்று மாலை உரை முடிந்து நடந்த ஒரு விருந்தில் ஹன்ட், தவளை முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் கெர்ஹார்ட்டிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். செல்லைப் பிரியத் தூண்டும் ஒரு காரணி தவளை முட்டையிலும் இப்படித்தான் வந்து வந்து மறைகிறது என்றும், அது திரும்பி வரப் புதிதாகப் புரதம் தயாராக வேண்டியிருக்கிறது என்றும் கெர்ஹார்ட் சொன்னார். இரண்டும் சேர்ந்தபோதுதான் அந்தப் பட்டைக்கு அர்த்தம் வந்தது. அதுதான் சைக்ளின். 1983-ல் 'செல்' இதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர்களில் அந்தக் கோடை வகுப்பின் மாணவர்களும் உண்டு. 2001-ல் ஹன்ட்டுக்கு லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது. சைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த சைக்ளின்-டி, சிடிகே-4, சிடிகே-6 என்ற நொதிகளோடு சேர்ந்து செல்லைப் பிரிவுக்குத் தள்ளுகிறது. அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்துதான் 2015-ல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற பால்போசிக்லிப். உங்கள் செல்கள் மேல் நீங்களே அதைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள்.

இனி யாராவது, "முள்ளெலிக்கும் நம்ம கேன்சருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டால் சொல்ல உங்களுக்கு ஒரு பதில் இருக்கிறது.

ஹன்ட் கேம்பிரிட்ஜிலேயே இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? அங்கே அவருக்கென்று எடுத்துக்கொண்ட வேலை இருந்தது. ஒரு முட்டையை எடுத்து "என்ன ஆகிறது பார்ப்போமே" என்று ஒரு நாளைச் செலவழிக்க அங்கே இடமில்லை. கெர்ஹார்ட்டும் அங்கே இல்லை. இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நல்ல கோடைப் பள்ளி உங்கள் தலைப்பைக் கொஞ்ச நாளைக்குக் கையிலிருந்து பிடுங்கிவிடும். பிஎச்டி என்பது மூன்று நான்கு வருடம் ஒரே புரதம், ஒரே செல், ஒரே கைடு. அதற்குள் இருந்தபடியே "இது ஏன் இப்படி?" என்று முதலிலிருந்து கேட்பது கஷ்டம். வெளியே போய், தனக்குப் பழக்கமே இல்லாத ஒன்றில் கை வைத்து, மறுபடி முதல் வகுப்பு மாணவியாகிற நிலைமை வேண்டும்.

அதை வேண்டுமென்றே திட்டம் போட்டு நடத்திக் காட்டியவர் மாக்ஸ் டெல்ப்ரூக். ஜெர்மனியில் இயற்பியல் படித்து, அமெரிக்கா வந்து உயிரியலுக்குத் தாவியவர். நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், 1945 கோடையில் பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களான ஃபேஜ் பற்றிய மூன்று வார வகுப்பை ஆரம்பித்தார். சில வருடங்களில் பொறுப்பு மார்க் ஆடம்ஸ் போன்ற மற்றவர்கள் கைக்குப் போனாலும் வகுப்பு கால் நூற்றாண்டு நடந்தது. அவர் ஃபேஜைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எலியை வைத்து மூன்று வாரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. குட்டி போடவே அத்தனை நாள் ஆகும். ஃபேஜுக்கு அரை மணி நேரம் போதும்.

அந்த வகுப்பின் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் ஃபேஜ் இருக்கும் கரைசலை முதலில் நூறு மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். அதிலிருந்து எடுத்து மறுபடி நூறு மடங்கு, மறுபடியும். கடைசிக் குழாயிலிருந்து ஒரு துளியை எடுத்து, பாக்டீரியாவோடும் இளகிய அகாரோடும் கலந்து தட்டில் ஊற்றிவிட்டு, 37 டிகிரியில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் தட்டு முழுக்க பாக்டீரியா வளர்ந்து மங்கலாக மூடியிருக்கும். அதில் அங்கங்கே, தோசையில் விழுகிற கண்கள் மாதிரி தெளிவான ஓட்டைகள் இருக்கும். ஓர் ஓட்டை என்றால் தொடக்கத்தில் ஒரு ஃபேஜ் இருந்தது என்று கணக்கு. எண்ண வேண்டியதுதான். இதையே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துச் செய்தால் ஒரு கோடு கிடைக்கும். முதல் இருபது இருபத்தைந்து நிமிடம் எண்ணிக்கை அசையாது. பிறகு ஒரேயடியாக நூறு மடங்கு அளவுக்கு ஏறும். பாக்டீரியாவுக்குள் ஏதோ நடந்து, அது வெடித்து, குட்டிகள் வெளியே வந்திருக்கின்றன. அந்த "ஏதோ" என்னவென்பதே பின்னால் மூலக்கூற்று உயிரியல் ஆயிற்று.

இன்று கேள்வி, நாளைக் காலை பதில். பதில் தப்பாக வந்தால் நாளை மறுநாள் மறுபடி செய்யலாம். உங்கள் லேபில் ஒரு வெஸ்டர்ன் பிளாட் சொதப்பினால் ஆன்டிபாடி வர இரண்டு மாதம் காத்திருக்கிறீர்கள். தவறு செய்யவே பயமாக இருக்கிறது, காசு பயம் அது. தப்பு மலிவாக இருக்கும் இடத்தில்தான் கை பழகும், யோசனையும் பழகும். ஃபேஜ் வகுப்பு அந்த மலிவைக் கொடுத்தது.

இன்னொன்றும் செய்தார் டெல்ப்ரூக். ஆளுக்கொரு ஃபேஜ், ஆளுக்கொரு பாக்டீரியா என்று வைத்துக்கொண்டு ஒருவர் முடிவை இன்னொருவரால் ஒப்பிட முடியாமல் இருந்தது. டி1 முதல் டி7 வரை ஏழே ஃபேஜ்கள், ஒரே ஈ. கோலை வகை என்று 1944-ல் எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தார். கோடை வகுப்புக்கு வந்தவர்கள் இந்தப் பழக்கத்தோடு ஊர் திரும்பினார்கள். பாஸடீனாவில் எண்ணிய ஓட்டையும் பாரிஸில் எண்ணிய ஓட்டையும் ஒரே கணக்குக்கு வந்தன. ஒரு துறைக்கே பொது மொழி இப்படித்தான் பரவியது. டெல்ப்ரூக்குக்கு ஓர் உரை பிடிக்கவில்லை என்றால் பேசியவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார் என்பதும் பிரசித்தம். அவரை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் கருத்தரங்குகளில் "அருமையான உரை, ஒரு சிறு சந்தேகம்" என்று தொடங்கி, சந்தேகத்தையே கேட்காமல் உட்காரும் மரபுக்கு அது ஒரு மாற்றுமருந்து.

1947 கோடையில் அந்த வகுப்பில் மாணவராகப் பிப்பெட் பிடித்தவர்களில் ஒருவருக்கு வயது 49. லியோ சிலார்டு. அணுக்கருத் தொடர்வினை சாத்தியம் என்று 1933-லேயே கணித்தவர். 1939-ல் ஐன்ஸ்டைன் கையெழுத்தோடு ரூஸ்வெல்ட்டுக்குப் போன கடிதத்தின் பின்னால் இருந்தவர். ஹிரோஷிமாவுக்குப் பிறகு உயிரியல் கற்க முடிவு செய்தவர், இளைஞர்களோடு உட்கார்ந்து பாக்டீரியா ஓட்டைகளை எண்ணினார். அவரோடு வகுப்புக்கு வந்த ஆரன் நோவிக்கும் அவரும் சேர்ந்து, பாக்டீரியாவை ஒரே வேகத்தில் தொடர்ந்து வளர்க்கும் கீமோஸ்டாட் என்ற கருவியைச் சில ஆண்டுகளில் உருவாக்கினார்கள்.

சிலார்டு கதைக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 1962-ல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்க ஒபைத் சித்திக்கியை ஹோமி பாபா அழைத்ததில் சிலார்டின் பரிந்துரைக்கும் பங்குண்டு. 1948-ல் அதே ஃபேஜ் வகுப்பில் சேர்ந்த இன்னோர் இயற்பியலாளர் சீமோர் பென்சர். அவர் பின்னால் ஈக்களின் நடத்தையை ஆராயப் போனபோது, சித்திக்கி 1970-களில் அவரோடு வேலை செய்தார். பெங்களூரில் என்சிபிஎஸ் என்ற தேசிய உயிரியல் அறிவியல் மையம் பிறந்தது சித்திக்கியால். நீங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட பெங்களூர்ப் பயிற்சி வகுப்பின் வளாகத்துக்குப் போனால், அந்த மூன்று வாரக் கோடை வகுப்பின் ஒரு கிளைக்குள்தான் நுழைகிறீர்கள்.

மெசல்சன், ஸ்டால் இருவர் பெயரையும் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். டிஎன்ஏ தன்னை எப்படிப் படியெடுக்கிறது என்று 1958-ல் காட்டியவர்கள். அவர்கள் முதலில் சந்தித்துக்கொண்டது 1954 கோடையில் வுட்ஸ் ஹோலில். ஸ்டால் அங்கே மாணவர், மெசல்சன் கற்பிப்பவருக்கு உதவியாளர். இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் என்று ஒரு கறுப்பின உயிரியலாளர். வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1909-லிருந்து இருபது வருடத்துக்குக் கோடைதோறும் வுட்ஸ் ஹோலுக்கு வந்தார். கடல் விலங்குகளின் முட்டைகளை அவரைப் போலக் கையாள அங்கே ஆளில்லை. எந்த வெப்பநிலை, எவ்வளவு சுத்தமான கண்ணாடி, எத்தனை நெருக்கமாக முட்டைகள் இருக்கலாம் என்பதற்கெல்லாம் பெரிய பெரிய விஞ்ஞானிகள் அவரிடம்தான் வந்து கேட்டார்கள். அந்தக் கைப்பக்குவத்தை 1939-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஆனாலும் வெள்ளையர்களின் எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவருக்கு வேலை தரவில்லை. 1929-ல் இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போனவர், அதன் பிறகு பெரும்பாலும் ஐரோப்பாவையே நாடினார். லேப் மேஜையில் கிடைத்த மரியாதை, மேஜையை விட்டு எழுந்ததும் கிடைக்கவில்லை. இதைப் படிக்கும் நம் ஊர் ஆராய்ச்சி மாணவர்கள் சிலருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கோடைப் பள்ளி உலகத்தை மாற்றிவிடாது. ஆனால் அந்த மேஜையில் கிடைப்பதை யாரும் உங்களிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது.

வீட்டுக் கவலைக்கு வருகிறேன். பெண் தனியாகவா என்று கேட்கும் அம்மாவிடம், 1897-லேயே வுட்ஸ் ஹோல் கருவியல் வகுப்பில் பெண்கள் படித்தார்கள் என்று சொல்லலாம். பின்னாளில் பெரிய எழுத்தாளரான கெர்ட்ரூட் ஸ்டைன் அந்த வருட வகுப்பில் இருந்தார். 'மௌன வசந்தம்' எழுதிய ரேச்சல் கார்சன் 1929 கோடையில் அங்கே வந்தார். அம்மாவை இது சமாதானப்படுத்தாது என்பது எனக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது தங்குமிடம் எங்கே, கூட யார், இரவு எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புவாய் என்ற விவரம். நல்ல பள்ளிகளில் மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே தங்குவார்கள். முந்தைய வருடங்களில் போய்வந்த இந்திய மாணவிகள் யாராவது நிச்சயம் இருப்பார்கள். அமைப்பாளர்களிடம் கேட்டால் தொடர்பு கொடுப்பார்கள். அவர்களில் ஒருவரை அம்மாவோடு போனில் பேச வையுங்கள். நான் எழுதும் ஆயிரம் வரியைவிட அது வேலை செய்யும்.

எந்தப் பள்ளி நல்லது என்று பார்க்க என்னிடம் ஒரு பழைய கட்டளைக்கல் இருக்கிறது. கற்பிக்க வருகிறவர்கள் எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று பாருங்கள். காலையில் வந்து மாலையில் போகிறவர்களின் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதில் நோபல் பெற்றவரே இருந்தாலும், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. வாரக்கணக்கில் கூடவே இருந்து, மெஸ்ஸில் உங்கள் பக்கத்தில் சாப்பிட்டு, நள்ளிரவில் உங்கள் தட்டைத் தூக்கிப் பார்த்து "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்கிற நான்கு பேர் இருந்தால் போதும். இருபது முப்பது பேருக்கு மேல் சேர்த்துக்கொள்கிற இடமென்றால் யோசியுங்கள். அங்கே கருவி உங்கள் கைக்கு வராது, யாரோ இயக்குவதைச் சுற்றி நின்று பார்ப்பீர்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. எம்போ என்ற ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் அமைப்பில் இந்தியா 2016-லிருந்து இணை உறுப்பு நாடு. அவர்களுடைய செய்முறை வகுப்புகளுக்கு நம் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், சில வகுப்புகள் இந்தியாவிலேயே நடக்கின்றன. வுட்ஸ் ஹோல், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் இரண்டிலும் கட்டணம் கண்ணைக் கட்டும். ஆனால் உதவித்தொகை உண்டு, அதை விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டு விடுபவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்து மாணவர்கள்தான். பயணச் செலவுக்கு ஐசிஎம்ஆர், சிஎஸ்ஐஆர் போன்ற அரசு அமைப்புகளை அணுகலாம். அதற்கு எந்த விதி இப்போது பொருந்துகிறது என்பதை உங்கள் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் என்ஓசி வாங்க ஃபைல் துறைத்தலைவர், டீன், பதிவாளர் என்று நகர வேண்டும். அது எவ்வளவு வேகத்தில் நகரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பாஸ்போர்ட் இல்லையென்றால் நாளைக்கே விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கும் பக்கத்தைத் தேர்வுக்குழு இரண்டாவது வரிக்கு மேல் படிக்காது. உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், மருந்து போட்ட பிறகும் உங்கள் செல்களில் ஒரு பகுதி மட்டும் பிரிந்துகொண்டே இருக்கிறது, ஏன் என்று புரியவில்லை, தனித்தனிச் செல்லாகப் பார்க்கும் வசதி இங்கே இல்லை என்று ஐந்து வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஐந்து வரிதான் விண்ணப்பம். மாட்டிக்கொண்ட இடத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நல்ல ஆசிரியர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்புவார்கள்.

கைடை எதிர்த்து நிற்காதீர்கள். பரிந்துரைக் கடிதம் அவர் கையில் இருக்கிறது, உங்கள் தீசிஸும். அவருடைய கவலை நாள் வீணாவது. செல்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிட்டுப் போனால் ஆறு வாரமும் அவை காத்திருக்கும் என்பதை அவர் மறுக்க மாட்டார். திரும்பி வந்ததும் லேபில் எல்லோருக்கும் அங்கே கற்ற முறையைக் கற்றுத் தருகிறேன், முதல் மாதத்துக்குள் நம் செல்களில் செய்து காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். தனித்தனிச் செல்லாகப் பார்க்கும் கருவி உள்ள வெளிநாட்டு லேபோடு சேர்ந்து வேலை செய்ய வாய்ப்பு வரும் என்று சொன்னால் பல கைடுகளின் முகம் மலரும். உங்கள் கைடும் ஒரு காலத்தில் எங்கோ போய் யாரையோ பார்த்துத்தான் இந்தத் துறைக்குள் வந்திருப்பார். அது எங்கே என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

போன இடத்தில் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று. இந்தியர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஊறுகாய் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆறு வாரத்தை ஓட்டிவிட்டு வருவது. ஊறுகாயைக் கொண்டுபோங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மேஜையை மட்டும் தினமும் மாற்றுங்கள்.

நடுவில் எனக்கு ஓர் ஆதங்கம், அதையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களையும், உங்களைப் போன்ற செல் உயிரியல் மாணவர்களையும் அங்கே ஒரே கூடத்தில் ஆறு வாரம் உட்காரவைத்து, முட்டையையும் மைக்ராஸ்கோப்பையும் கையில் கொடுத்தால், வுட்ஸ் ஹோலுக்கு விசா எடுக்க வேண்டியதில்லை. கோடையில்தான் நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், உயிரிகளைக் கொண்டுவந்து தர ஆளிருக்காது. ஜனவரியில் வைக்கலாம், வெயிலும் குறைவு. குத்துவிளக்கு மட்டும் வேண்டாம் என்று முடிவெடுக்கிற துணைவேந்தர் ஒருவர் கிடைத்தால் போதும்.

அதுவரை நீங்கள் காத்திருக்க முடியாது. மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் சினாப்சிஸ், ஃபெலோஷிப் நீட்டிப்பு என்று கழுத்தை நெரிக்கும். அதற்குப் பிறகு போனாலும் மனம் தீசிஸில்தான் இருக்கும். இரண்டாம் ஆண்டுதான் சரியான சமயம். கோடைப் பள்ளிகள் பலவற்றுக்கு ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் விண்ணப்பம் முடிந்துவிடும். அந்த ஒரு பக்கத்தை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், ஆங்கிலம் சரியில்லையே என்று தயங்க வேண்டாம். எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பழைய வாத்தியார்